டான்ஷென் வேரிலிருந்து தொடங்குங்கள்: சீன மூலிகைச் சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காண ஒரு வழிகாட்டி

சீன மருத்துவத் தாவரம் ஒன்றிலிருந்து ஒரு சேர்மத்தைத் தூய்மையாகப் பிரித்து, அது இன்னதென்று நிறுவும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், பெரும்பாலும் எவரும் ஆராயாத அரிய மூலிகை ஒன்றை முதலில் எடுக்கவே விரும்புகிறார்கள். ஆசை இயல்பானது, ஆனால் பயிற்சிக்கு அது உதவாது. என்ன கிடைக்க வேண்டும் என்று முன்பே தெரிந்த ஒரு செடியில் கை பழகினால்தான், கிடைத்தது சரியா தவறா என்பதை ஒவ்வொரு படியிலும் சோதித்துக்கொள்ள முடியும். ஆகவே இந்தக் கட்டுரை டான்ஷென் என்னும் ஒரே மூலிகையை எடுத்துக்கொண்டு, வேர் வாங்குவதிலிருந்து மூலக்கூறின் கட்டமைப்பை உறுதிசெய்வது வரை செல்கிறது.

டான்ஷென் என்பது சால்வியா மில்டியோரைசா என்ற செடியின் உலர்ந்த வேர். நம் துளசி சேர்ந்த லேமியேசி குடும்பத்தையே சேர்ந்தது. வேரின் புறத்தோல் செங்கல் நிறமாக இருப்பதற்குக் காரணம் டான்ஷினோன்கள் எனப்படும் டைட்டர்பீன் குயினோன்கள். ஜப்பானிய வேதியியலாளர்கள் 1930களிலேயே இவற்றைப் பிரித்தெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். டான்ஷினோன் 2ஏ, கிரிப்டோடான்ஷினோன், டான்ஷினோன் 1 ஆகிய மூன்றும் சேர்ந்து குறைந்தது 0.25 சதவீதம் இருக்க வேண்டும் என்றும், நீரில் கரையும் சால்வியனோலிக் அமிலம் பி குறைந்தது 3.0 சதவீதம் இருக்க வேண்டும் என்றும் சீன மருந்தியல் கையேடு வரையறுத்துள்ளது. அதாவது, தரமான வேர் அரைக் கிலோவில் 1.25 கிராமுக்குக் குறையாமல் டான்ஷினோன்கள் உண்டு. அதில் பாதியை இழந்தாலும் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக இவை நிறமுள்ளவை. கண்ணாடிக் குழாயில் எந்தச் சேர்மம் எங்கே நகர்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வேர் உண்மையிலேயே அந்த வேர்தானா

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில், உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சைக்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரைகளை உண்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கடுமையான சிறுநீரக நோய்க்கு ஆளானார்கள். மாத்திரையில் சேர்க்க எண்ணியது ஹான் ஃபாங்ஜி எனப்படும் ஸ்டெபானியா டெட்ராண்ட்ராவின் வேர். சேர்ந்துபோனதோ குவாங் ஃபாங்ஜி எனப்படும் அரிஸ்டோலோக்கியா ஃபாங்சியின் வேர். சந்தையில் இரண்டும் ஃபாங்ஜி என்றே வழங்கின. பின்னதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. மூலிகையின் வணிகப் பெயரை மட்டும் நம்பி வேலை தொடங்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

ஆகவே, தாவரவியலாளர் ஒருவரைக் கொண்டு இனத்தை உறுதிசெய்து, ஒரு சான்று மாதிரியை உலர்தாவரத் தொகுப்பில் எண்ணிட்டு ஒப்படையுங்கள். சேகரித்த இடம், மாதம், செடியின் பகுதி ஆகிய மூன்றும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். கடையில் வாங்கினால், பதப்படுத்தாத வேர்தானா என்று கேளுங்கள். சீன மருத்துவத்தில் மதுவில் புரட்டி வறுத்த டான்ஷெனும் விற்பனைக்கு வருகிறது. வெப்பம் பட்ட மூலிகையின் வேதியியல் பச்சை மூலிகையின் வேதியியல் ஆகாது. வேரை உடைத்துப் பாருங்கள்: டான்ஷினோன்கள் பெரும்பாலும் புறத்தோலில்தான் குவிந்திருக்கின்றன என்பதால், தோல் உரிந்து வெளுத்துப்போன வேரில் விளைச்சல் குறையும்.

அடுத்ததாக, இதே செடியிலிருந்து இதுவரை பிரிக்கப்பட்ட சேர்மங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். பெயர், மூலக்கூறு வாய்பாடு, மூலக்கூறு நிறை, புற ஊதா உறிஞ்சல், உருகுநிலை ஆகிய ஐந்து கட்டங்கள் போதும். சைஃபைண்டர், ரியாக்சிஸ் ஆகியவை கட்டணத் தளங்கள், பப்கெம் இலவசம். சீன மொழிக் கட்டுரைகளுக்கு சிஎன்கேஐ தளத்தைத் தவறாமல் பாருங்கள். ஆங்கிலத்தில் புதியது என்று தோன்றும் பல சேர்மங்கள் சீன மொழியில் பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்திருக்கும். இத்துறையில் வீணாகும் உழைப்பில் பெரும்பங்கு, தெரிந்த சேர்மத்தைத் தெரியாமல் மறுபடியும் பிரித்தெடுப்பதில்தான் போகிறது.

சாறெடுத்தல்

வேரை 40 டிகிரி செல்சியஸ் அளவில் மீண்டும் ஒருமுறை உலர்த்தி, ரவைப் பதத்தில் அரைத்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டும்போது தாள் அடைத்துக்கொள்ளும். 500 கிராம் தூளுக்கு 4 லிட்டர் 95 சதவீத எத்தனால் ஊற்றி, வெளிச்சம் படாத இடத்தில், அறை வெப்பநிலையில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். இதை மும்முறை செய்யுங்கள். கொதிக்கவைத்தால் வேகமாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் டான்ஷினோன்கள் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுப்பதில்லை. சால்வியனோலிக் அமிலம் பி-யும் நீரில் நெடுநேரம் கொதித்தால் சிதைந்து டான்ஷென்சு முதலிய சிறு மூலக்கூறுகளாகிறது.

வெப்பத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு இத்துறையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு சீன மருந்தியலாளர் தூ யூயூவின் பணி. மலேரியாவுக்கு எதிராகச் சிங்ஹாவ் (ஆர்ட்டெமிசியா ஆனுவா) மூலிகையைச் சோதித்த அவருடைய குழுவுக்கு முதலில் நிலையான பலன் கிட்டவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன மருத்துவர் கெ ஹோங், அந்த மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார், காய்ச்சச் சொல்லவில்லை. இதைக் கவனித்த தூ யூயூ, 1971-இல் குறைந்த கொதிநிலையுள்ள ஈதரைக் கொண்டு சாறெடுத்தபோது பலன் உறுதியானது. அதற்கு அடுத்த ஆண்டு ஆர்ட்டெமிசினின் படிகமாகக் கிடைத்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் எண்ண வேண்டும்: கரைப்பான் வெறும் வாகனமல்ல, சில வேளைகளில் வினைபுரியும். மெத்தனால் கரிம அமிலங்களோடு சேர்ந்து மெத்தில் எஸ்டர் ஆகலாம். அண்மையடுத்த இரு ஹைட்ராக்சில் தொகுதிகளை அசிட்டோன் பூட்டிவிடலாம். கோப்டிஸ் வேரிலுள்ள பெர்பெரின், காரச் சூழலில் குளோரோஃபார்மோடு சேர்ந்து, செடியில் ஒருபோதும் இல்லாத ட்ரைகுளோரோமெத்தில் பெறுதியைத் தருவது நன்கு அறியப்பட்டதாகும். உங்கள் புதிய சேர்மத்தில் ஒரு மெத்தாக்சியோ எத்தாக்சியோ தென்பட்டால், மகிழ்வதற்கு முன் அது கரைப்பானின் கைவேலையா என்று ஐயப்படுங்கள். அந்தக் கரைப்பானைத் தவிர்த்துச் சிறிதளவு தூளில் புதிதாகச் சாறெடுத்துப் பார்ப்பதே சோதனை.

வடித்த சாற்றைச் சுழல் ஆவியாக்கியில் 45 டிகிரிக்கு மேற்படாமல் வற்றவைத்து, எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இனிவரும் ஒவ்வொரு படியிலும் எடை குறிக்கப்பட வேண்டும். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துவராதபோதுதான் சரக்கு எங்கே தங்கிவிட்டது என்று தேடத் தோன்றும்.

இரு திரவங்களிடையே பகிர்தல்

வற்றிய சாற்றை அரை லிட்டர் நீரில் கலக்கி, பிரிபுனலில் சம அளவு எத்தில் அசிட்டேட்டோடு மும்முறை குலுக்குங்கள். பொதுவான நடைமுறையில் முதலில் பெட்ரோலியம் ஈதர், அடுத்து எத்தில் அசிட்டேட், கடைசியில் பியூட்டனால் என்று வரிசையாகச் செல்வார்கள். ஆனால் டான்ஷினோன்கள் முதல் இரண்டிலுமாகச் சிதறக்கூடும் என்பதால், இந்தப் பயிற்சியில் பெட்ரோலியம் ஈதரை விட்டுவிடலாம். சால்வியனோலிக் அமிலம் பி நீரடுக்கிலேயே பெரிதும் தங்கும். அதைப் பிறகு எடுக்க விரும்பினால் நீரை அமிலப்படுத்தி எத்தில் அசிட்டேட்டுக்கு இழுக்கலாம். குலுக்கியபின் அடுக்குகள் பிரியாமல் நுரைத்து நின்றால் சிறிது உப்பிட்டுப் பொறுத்திருங்கள். குலுக்கும்போது அவ்வப்போது திருகைத் திறந்து ஆவியை வெளியேற்ற மறக்காதீர்கள்.

நைட்ரஜன் கொண்ட காரச் சேர்மங்களான அல்கலாய்டுகளைத் தேடுபவருக்கு இந்த வழி பொருந்தாது. அவர் அமில நீரில் கரைத்து, கொழுப்புப் பொருள்களைக் கழுவி நீக்கி, காரமாக்கி மீண்டும் கரிமக் கரைப்பானுக்கு எடுக்க வேண்டும். ஜின்செங் போன்றவற்றின் சப்போனின்களுக்கு டி101 வகைப் பெருந்துளைப் பிசினில் நீரால் சர்க்கரையைக் கழுவிவிட்டு எத்தனாலால் இறக்குவதே வழக்கம்.

டிஎல்சி தட்டும் கண்ணாடிக் குழாயும்

சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் சாற்றைப் பிரிப்பதே அடுத்த படி. குழாயை நிரப்புவதற்கு முன் டிஎல்சி தட்டுகளில், அதாவது சிலிக்கா மெல்லிதாகப் பூசிய சிறு வண்ணப்பிரிகைத் தட்டுகளில், கரைப்பான் விகிதத்தை முடிவுசெய்யுங்கள். பெட்ரோலியம் ஈதர், எத்தில் அசிட்டேட் கலவையை 4:1 என்ற விகிதத்தில் தொடங்கலாம். டான்ஷினோன் 2ஏ மேலே செம்புள்ளியாகவும், கிரிப்டோடான்ஷினோன் அதற்குக் கீழே ஆரஞ்சுப் புள்ளியாகவும் நிற்கும். நிறமே தெரிந்தாலும் தட்டை 254, 365 நானோமீட்டர் விளக்குகளின் கீழும் பாருங்கள். பிறகு 10 சதவீதக் கந்தக அமிலம் கலந்த எத்தனாலைத் தெளித்துச் சூடாக்குங்கள். நிறமற்ற ஸ்டீராய்டுகளும் கொழுப்புகளும் அப்போதுதான் வெளிப்படும். அழகிய செம்புள்ளி ஒன்றின் அடியில் நிறமற்ற மற்றொன்று ஒளிந்திருப்பது மிகச் சாதாரணம்.

தட்டில் நன்றாகப் பிரியும் கலவை குழாய்க்கு அப்படியே பொருந்தாது. குழாய்க்கு, நாம் விரும்பும் புள்ளி, தட்டில் கரைப்பான் ஏறிய உயரத்தில் 0.2 முதல் 0.3 பங்கில் நிற்கும் அளவுக்கு முனைவுத்தன்மை குறைந்த கலவை வேண்டும். எத்தில் அசிட்டேட் சாறு 10 கிராமுக்கு 200–300 மெஷ் (சல்லடைக் கண் அளவு) சிலிக்கா ஜெல் 300 முதல் 400 கிராம் எடுத்து, பெட்ரோலியம் ஈதரில் கூழாக்கிக் குமிழியின்றி ஊற்றுங்கள். உலர்ந்த சிலிக்காத் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. புகைபோக்கி அலமாரிக்குள்ளேயே, முகக்கவசத்துடன் அதை அளந்து கொள்ளுங்கள். சாற்றைச் சிறிதளவு கரைப்பானில் கரைத்து, 15 கிராம் சிலிக்காவோடு கலந்து முற்றிலும் உலர்த்திப் பொடியாக்கி, குழாயின் மேல் சமமாகப் பரப்புங்கள். இந்தப் பொடி ஈரமாக இருந்தால் பட்டைகள் சாய்ந்தும் வால் நீண்டும் இறங்கும். புதியவர்களின் குழாய் கெடுவதற்கு இதுவே முதற்காரணம் என்று சொல்வேன்.

பெட்ரோலியம் ஈதர், எத்தில் அசிட்டேட் விகிதத்தை 30:1-இல் தொடங்கி 20:1, 10:1, 5:1, 2:1 என்று படிப்படியாக மாற்றுங்கள். ஒரு பட்டை முழுவதும் இறங்கி முடியும்வரை விகிதத்தை மாற்றக் கூடாது. குழாயின் மேற்பரப்பு ஒருபோதும் வறளக் கூடாது. வறண்டால் சிலிக்கா வெடிப்பு விட்டு, பிரிந்தவை மீண்டும் கலந்துவிடும். ஏறத்தாழ 100 மி.லி. வீதம் பிடித்து, ஒவ்வொன்றையும் தட்டில் பார்த்து, ஒத்தவற்றை மட்டும் ஒன்றுசேர்த்துக்கொள்ளுங்கள். கலப்பாக வந்த இடைப்பகுதிகளைத் தூய பகுதிகளோடு சேர்த்துவிடும் சபலம் வரும். அவற்றைத் தனியே வைத்துப் பிறகு மறுபடியும் பிரித்தால் இரண்டும் கிடைக்கும். சேர்த்துவிட்டால் இரண்டும் போகும்.

சிலிக்கா ஒன்றே எல்லாவற்றையும் பிரித்துத் தராது. செஃபடெக்ஸ் எல்எச்-20 என்னும் ஜெல் நிரப்பிய குழாயில் குளோரோஃபார்ம், மெத்தனால் 1:1 கலவையைக் கொண்டு மெதுவாக இறக்கினால், மூலக்கூறின் அளவையும் அரோமாட்டிக் தன்மையையும் பொறுத்துப் பிரிவு நிகழும். சரக்கு இழப்பும் மிகக் குறைவு. அதற்குப் பிறகும் கலந்திருப்பவற்றை அரைத் தயாரிப்பு அளவிலான எச்பிஎல்சியில் (உயர் செயல்திறன் திரவ வண்ணப்பிரிகை), 10 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. நீளமும் கொண்ட சி18 (18 கார்பன் சங்கிலிகள் பிணைந்த சிலிக்கா) குழாயில், நிமிடத்துக்கு 3 மி.லி. அளவில் ஓடவிடலாம். இங்கே வரிசை தலைகீழாகும் என்பதை நினைவில் வையுங்கள்: சிலிக்காவில் முதலில் இறங்கிய டான்ஷினோன் 2ஏ, சி18-இல் கடைசியில் வரும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களில் யோய்ச்சிரோ இட்டோ 1980களில் வளர்த்தெடுத்த அதிவேக எதிரோட்ட வண்ணப்பிரிகையும் சீன ஆய்வகங்களில் பரவலாகப் புழங்குகிறது. அதில் திண்மப் பொருளே இல்லாததால், சிலிக்காவில் ஒட்டிக்கொண்டு திரும்பாமல் போகும் சேர்மங்களுக்கு ஏற்றது.

டான்ஷினோன் 2ஏ மிகுந்த பகுதிக்கு இவ்வளவும் தேவைப்படாமலும் போகலாம். சிறிதளவு சூடான எத்தில் அசிட்டேட்டில் கரைத்து, மூடிவைத்து, மெல்ல ஆறவிட்டால் செவ்வூசிப் படிகங்கள் விழும். மறுபடிகமாக்கல் பழைய முறை என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். ஆனால் விலை உயர்ந்த எச்பிஎல்சிக் குழாயைத் தேய்ப்பதற்கு முன் ஒரு சோதனைக் குழாயில் படிகம் விழுகிறதா என்று பார்ப்பதில் செலவு ஏதுமில்லை.

தூய்மைச் சோதனை

ஒரே புள்ளி, ஒரே கரைப்பான் கலவை என்பது தூய்மைக்குச் சான்றாகாது. குறைந்தது மூன்று வேறுபட்ட கலவைகளில் ஒரே புள்ளியாக நிற்க வேண்டும். எச்பிஎல்சியில் 270 நானோமீட்டரில் ஒரே உச்சமாகவும் இருக்க வேண்டும். எச்பிஎல்சி தூய்மை காட்டினாலும், புற ஊதாவை உறிஞ்சாத மாசுகள் அதில் தெரியாது. அவற்றைக் காட்டிக்கொடுப்பது, மூலக்கூறின் ஒவ்வொரு வகை ஹைட்ரஜனுக்கும் தனிக் குறி தரும் புரோட்டான் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) நிறமாலைதான்.

அங்கே அடிக்கடி தலைகாட்டும் அன்னியர்களை முன்பே அறிந்துவைத்திருங்கள். டியூட்டரேற்றிய குளோரோஃபார்மில் (இங்கும் இனியும் என்எம்ஆர் எண்கள் பிபிஎம் அளவில்), 0.86-இலும் 1.26-இலும் மசகுப் பசை, 0.07-இல் சிலிக்கோன், 2.05-இலும் 4.12-இலும் போகாமல் நின்ற எத்தில் அசிட்டேட். 7.5, 7.7, 4.2 ஆகியவற்றின் அருகே ஒருசேரக் குறிகள் வந்தால், அது நெகிழிப் பொருள்களிலிருந்து கரைந்துவந்த தாலேட். நிறை நிறமாலையில் அது 391 என்றும், சோடியத்தோடு 413 என்றும் தெரியும். தாவரத்தில் கிடைத்ததாகத் தாலேட்டுகளை அறிவிக்கும் கட்டுரைகள் இன்றும் வெளிவருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நெகிழிப் புட்டியின் வேதியியலைத்தான் விவரிக்கின்றன என்பது என் கருத்து.

இன்னதென்று நிறுவுதல்

இப்போது கையில் இருப்பது சிவப்புப் படிகம். உயர் பகுதிறன் நிறை நிறமாலையில் புரோட்டான் ஏறிய அயனி 295.1329 என்றும், சோடியம் ஏறியது 317.1148 என்றும் வந்தால், 19 கார்பன், 18 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன் கொண்ட வாய்பாடு பொருந்தும். பிழை பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்குள், அதாவது இந்த நிறைக்கு 0.0015 அளவுக்குள், இருக்க வேண்டும். வாய்பாட்டிலிருந்து நிறைவுறாமை அளவைக் கணக்கிடுங்கள்: 11 வரும். நான்கு வளையங்கள், ஐந்து கார்பன் இரட்டைப் பிணைப்புகள், இரண்டு கார்பனைல்கள் என்று அது கூட்டிவரும்.

புரோட்டான் என்எம்ஆரில் 7.63-இலும் 7.54-இலும் 8 ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள இரட்டைக் குறிகள், அடுத்தடுத்துள்ள இரு அரோமாட்டிக் ஹைட்ரஜன்களைக் காட்டும். 7.22-இல் ஃபியூரான் வளையத்தின் ஒற்றை ஹைட்ரஜனும், 2.26-இல் அந்த வளையத்திலுள்ள மெத்திலும் நிற்கும். 1.31-இல் ஆறு ஹைட்ரஜன்களுக்கான ஒற்றைக் குறி, ஒரே கார்பனில் உள்ள இரு மெத்தில்களுக்கு உரியது, 3.18-இல் அரோமாட்டிக் வளையத்தை ஒட்டிய மெத்திலீன். கார்பன் என்எம்ஆரில் 183.6, 175.7 ஆகியவை ஆர்த்தோகுயினோனின் இரு கார்பனைல்கள்.

பக்கத்துப் பட்டையில் வந்த ஆரஞ்சுப் படிகத்தையும் இதோடு வைத்துப் படியுங்கள். பாடம் அங்கேதான் இருக்கிறது. கிரிப்டோடான்ஷினோனின் அயனி 297.1485, அதாவது இரண்டு ஹைட்ரஜன் கூடுதல். 7.22-இல் இருந்த குறி மறைந்து, 4.88-இலும் 4.36-இலும் ஆக்சிஜனை ஒட்டிய மெத்திலீனின் இரு ஹைட்ரஜன்கள் தோன்றும், 2.26-இல் இருந்த மெத்தில் 1.35-க்கு நகர்ந்து இரட்டையாகப் பிளக்கும். ஃபியூரான் வளையத்தின் இரட்டைப் பிணைப்பு ஒன்று நிறைவுற்றுவிட்டது என்பதை இந்த மூன்று மாற்றங்களும் ஒரே குரலில் சொல்கின்றன.

குறிகள் பட்டியலோடு ஒத்துவந்துவிட்டன என்பதோடு நிறுத்தாமல், எச்எம்பிசி என்னும் இருபரிமாண நிறமாலையை ஒருமுறையேனும் எடுத்துப் படியுங்கள். அது இரண்டு, மூன்று பிணைப்புகள் தள்ளியுள்ள ஹைட்ரஜனையும் கார்பனையும் இணைத்துக் காட்டும். 1.31-இலுள்ள மெத்தில்கள் 3, 4, 5 எண் கார்பன்களைத் தொடுவதையும், 7.54-இலுள்ள ஹைட்ரஜன் 5, 9, 14 எண் கார்பன்களைத் தொடுவதையும் நீங்களே கோடிட்டு வரைந்துபார்த்தால், நாளை அறியாத மூலக்கூறு ஒன்று வரும்போது கை தயங்காது. இருபரிமாண நிறமாலைகளுக்குச் சில மில்லிகிராம்கள் போதும்.

முப்பரிமாண அமைப்பு தனிக் கேள்வி. டான்ஷினோன் 2ஏ-யில் சமச்சீரற்ற கார்பனே இல்லை. ஆகவே ஒளிச் சுழற்சியை அளந்து பயனில்லை. கிரிப்டோடான்ஷினோனில் ஒன்று உண்டு; அங்கே சுழற்சியின் குறியும் அளவும் இலக்கியத்தோடு ஒத்துவந்தால்தான் அடையாளம் முழுமை பெறும். முற்றிலும் புதிய சேர்மமாக இருந்தால், ஈசிடி (மின்னணு வட்ட இருநிறத்தன்மை) நிறமாலையைக் கணிப்போடு ஒப்பிடுவதோ, தாமிரக் கதிர்மூலத்தைக் கொண்டு ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர் ஆய்வு செய்வதோ வேண்டியிருக்கும்.

அடுத்த செடி

டான்ஷினோன்களில் கை பழகியபின், நிறமே இல்லாத ஒன்றை எடுங்கள். ஆர்ட்டெமிசியா ஆனுவாவின் இலையிலுள்ள ஆர்ட்டெமிசினின் அதற்குத் தகுந்தது. புற ஊதாவில் அது ஏறக்குறைய தெரியாது. தட்டில் வெனிலின், கந்தக அமிலக் கலவையைத் தெளித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இலையாதலால் பச்சையமும் மெழுகும் வழியை மறிக்கும். 15 கார்பன், 22 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன் கொண்ட அதன் கட்டமைப்பைச் சீன அறிவியலாளர்கள் 1975-இல் எக்ஸ்-கதிர் ஆய்வால் உறுதிசெய்தார்கள். மூலக்கூறின் நடுவே பெராக்சைடுப் பாலம் ஒன்று உள்ளது. மருந்தின் ஆற்றலும் அதில்தான் தங்கியிருக்கிறது. புரோட்டான் என்எம்ஆரில் 5.86-இல் தனித்து நிற்கும் ஒற்றைக் குறியையும், கார்பனில் 105.4, 93.7 ஆகியவற்றையும் முதலில் தேடுங்கள். ஈதரைப் பயன்படுத்துவதானால், திறந்து நாளான புட்டியில் வெடிக்கக்கூடிய பெராக்சைடுகள் சேர்ந்திருக்கிறதா என்று சோதனைத்தாளால் பார்த்த பிறகே ஆவியாக்குங்கள். அடியில் ஈரம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.